நின்றதும் நிறுத்தப்பட்டதும்

ஹெரிங் முனையில் எல்லாமே நிற்கும். மழை நிற்கும், படகு எஞ்சின் நிற்கும், சாயங்காலம் நாலு மணிக்கு மனிதர்களும் நிற்பார்கள். "எப்ப நின்னே?" என்று ஒருவர் கேட்டால், இன்றைக்கு எத்தனை மணிக்குக் கத்தியைக் கழுவி வைத்தாய் என்று அர்த்தம். அதற்கு மேல் அந்தச் சொல்லுக்கு அங்கே யாரும் பொருள் வைத்ததில்லை. மார்லிஸ் கிவெலா அந்த ஊரில் பிறந்தவள். அங்கேயே ஒரு முறை கல்யாணம் செய்துகொண்டு, வந்த வேகத்தில் அதிலிருந்து விடுபட்டு, இருபத்திரண்டு வருஷமாக ரோலி ஹவுட்டலாவின் ஏரிக்கரை மீன் கொட்டகையில் மீன் அறுத்துக்கொண்டிருப்பவள். மாநில அரசு வேறு மொழி பேசுகிறது என்பது அவளுக்கு ஐம்பத்தெட்டாவது வயதில்தான் தெரிய வந்தது.

ஏரி உறைந்தால் கொட்டகை மூடும். ஏப்ரலில் பனிக்கட்டி உடைந்தால் திறக்கும். நடுவில் வரும் மாதங்களுக்கு அரசின் வேலையிழப்புக் காப்பீட்டிலிருந்து வாரா வாரம் ஒரு தொகை வரும். அதில் உருளைக்கிழங்கு, சிகரெட், சவுனா என்கிற நீராவிக் குளியல் அறைக்கு விறகு எல்லாம் அடங்கிவிடும். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் குளிர்காலத்தைத் தள்ளினார்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, பெருமைப்படவும் ஒன்றுமில்லை.

இத்தனை வருஷமும் அதற்கான எழுத்து வேலையை ரோலியின் மனைவி டார்லீன்தான் பார்த்தாள். தொழிலாளி நிரப்ப வேண்டிய படிவத்தையும் அவளே நிரப்புவாள், முதலாளி நிரப்ப வேண்டியதையும் அவளே நிரப்புவாள், பேனாவைக்கூட மாற்ற மாட்டாள். அந்த அக்டோபரில், வீட்டுக்கு கேஸ் நிரப்ப வந்தவனோடு அவள் அரிசோனாவுக்குப் போய்விட்டாள். ரோலி டார்லீனைவிட அந்த கேஸ்காரனை நினைத்துத்தான் அதிகம் வருத்தப்பட்டான் என்று ஊர் சொன்னது. கடனுக்கு நிரப்புகிற ஒரே ஆள் அவன்தான்.

ஆக, டிசம்பரில் ஏரி உறைந்தபோது மார்லிஸ் நூலகத்துக் கம்ப்யூட்டர் முன்னால் தனியாக உட்கார வேண்டியதாயிற்று. பெயர், முகவரி, செருப்பு அளவைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, வேலையிலிருந்து எப்படிப் பிரிந்தீர்கள் என்று கேட்டது திரை. மூன்று பதில்கள் கொடுத்திருந்தார்கள். நிறுத்தப்பட்டேன். நின்றேன். நீக்கப்பட்டேன்.

நீக்கப்பட்டது, அதே கொட்டகையில் வேலை பார்த்த கென்னி. புகை போட்ட மீனைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போய், சட்டை காட்டிக்கொடுத்துவிட்டது. அது தன்னைப் போன்றவர்களுக்கான பதில் இல்லை. நிறுத்தப்பட்டேன் என்பதை அவள் இரண்டு தடவை படித்தாள். யார் நிறுத்தியது? ரோலியா? பள்ளிக்கூடத்தில் அவளைப் பார்த்துக் கணக்கு எழுதியவன் அவன். அவளை நிறுத்துகிற தைரியம் அவனுக்கு எங்கிருந்து வரும்? ஏரி நின்றது, அவளும் நின்றாள். 'நின்றேன்' என்பதை அழுத்திவிட்டு வெளியே வந்து ஒரு சிகரெட் பற்றவைத்தாள்.

சாலைக்கு எதிர்ப்பக்கம், தன் வீட்டுச் சமையலறையில், ரோலிக்கும் ஒரு படிவம் வந்திருந்தது. இவர் நின்றாரா என்று கேட்டிருந்தார்கள். ஆமாம் என்று குறித்து, கேட்காத தகவலையும் பக்கத்தில் எழுதினான்: 'டிசம்பர் ஒன்பது, சாயங்காலம் நாலு மணி. நல்ல வேலைக்காரி.'

ஜனவரியில் பதில் வந்தது. விண்ணப்பதாரர் தன் விருப்பப்படி வேலையிலிருந்து நின்றுவிட்டதாக அவரும் முதலாளியும் தெரிவித்திருப்பதால் காப்பீட்டுத் தொகை கிடையாது. மார்லிஸின் கண்ணில் 'அவரும்' படவே இல்லை. 'முதலாளி' மட்டும் பட்டது. நாம் எல்லாரும் கடிதம் படிப்பது அப்படித்தான்.

அவள் மேல்முறையீடு செய்தாள். ரோலிக்கு விசாரணை அறிவிப்பு வந்தது. அதன் தலைப்பில் பெரிய எழுத்தில் 'மார்லிஸ் கிவெலா, எதிர், ஹவுட்டலா மீன்' என்று போட்டிருந்தது. அந்த 'எதிர்' அவன் நெஞ்சில் மீன்முள் மாதிரி மாட்டிக்கொண்டது. வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு அவளுக்கு ஒரு முழு மீன் புகை போட்டுக் கொடுத்தவன் அவன். கடைக்குப் போனால், உன்னைக் கோர்ட்டுக்கு இழுத்துட்டாளாமே என்றார்கள். அவள் போனால், ரோலி உன்னைப் பத்தி மேலிடத்துக்கு எழுதிப் போட்டானாமே என்றார்கள். அந்த ஊரில் வண்டிகள் எதிரெதிரே வந்தால் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குவார்கள், அதுதான் வணக்கம். இருவரும் விரல் தூக்குவதை விட்டார்கள். ஹெரிங் முனையில் இதற்கு மேல் ஒரு சண்டை கிடையாது.

மார்லிஸுக்கு இதில் பணத்தைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அதன் பெயர் ஜாய்ஸ். ஜாய்ஸ் அவளுடைய அக்கா, புளோரிடாவில் இருந்தாள், நாயைத் தள்ளுவண்டியில் வைத்து உலாத்துகிறவள். அவள் வீட்டுக்குள் சிகரெட் கிடையாது, வாசலில் கிடையாது, நினைப்பிலும் கிடையாது. அந்த வீட்டை வித்துட்டு இங்க வந்துடு என்று பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தவள், காப்பீடு மறுக்கப்பட்ட செய்தி கேட்டதும் சொல்வதை நிறுத்திவிட்டு வேலையில் இறங்கினாள். காலி அறைக்குச் சங்கும் சிப்பியும் போட்ட படுக்கை விரிப்பு வாங்கி, படம் எடுத்து அனுப்பினாள். விறகு பிப்ரவரி பாதி வரைதான் வரும். அதற்குள் தீர்ப்பு வரவில்லையென்றால் அந்தச் சிப்பிகளின் மேல்தான் படுத்தாக வேண்டும். மார்லிஸ் அந்தப் படத்தை ஃபிரிட்ஜின் மேல் ஒட்டி வைத்திருந்தாள், மிரட்டல் கடிதத்தை வைத்திருப்பது போல.

விசாரணை போனில்தான். காலை ஒன்பது மணிக்கு நீதிபதி கூப்பிடுவார், எடுக்காவிட்டால் வழக்கு முடிந்தது. முந்தின நாள் இரவு பெய்த பனிமழையில் மார்லிஸ் வீட்டு டெலிபோன் கம்பி அறுந்து முற்றத்தில் கிடந்தது. செல்போனுக்கு சிக்னல் வேண்டுமென்றால் கல்லறை மேட்டுக்குப் போக வேண்டும். அதுவரை வழுக்காமல் ஏறிப் போகிறவர்கள் பெரும்பாலும் அங்கேயே தங்குகிறவர்கள்தான். சுற்று வட்டாரத்தில் வேலை செய்கிற போன் ஒன்றே ஒன்று, சாலைக்கு எதிர்ப்பக்கம்.

அவள் கதவைத் தட்டினாள். ரோலி வாயில் ஏலக்காய் ரொட்டியோடு திறந்தான்.

"போன் செத்துடுச்சு," என்றாள்.

"என்னோடது இருக்கு," என்றான்.

ஒரு மாதத்துக்குப் பிறகு பேசிய முதல் பேச்சு அதுதான். அவள் பூட்ஸைக் கழற்றினாள். அவன் கேட்காமலே காபி ஊற்றினான். மேஜையின் நடுவில் போன், ஒரு பக்கம் வாதி, மறுபக்கம் பிரதிவாதி. இருவரும் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

நீதிபதியின் பெயர் விட்கம். மாநிலத்தின் மற்ற பாதியோடு சேர்க்கும் பெரிய பாலத்துக்குத் தெற்கே, தலைநகரத்தில், பனியை ஜன்னல் வழியாக மட்டுமே பார்க்கிற ஜாதி. மார்லிஸின் எண் கிடைக்கவில்லை, முதலாளியை மட்டும் வைத்து முடித்துக்கொள்ளலாம் என்று ஆரம்பித்தாள். அவ இங்கதான் இருக்கா என்றான் ரோலி. எங்கே என்றாள். பக்கத்தில் என்றான். பிறகு மார்லிஸிடம், யாராவது உங்களை மிரட்டி உட்கார வைத்திருக்கிறார்களா என்று கவனமாகக் கேட்டாள்.

"இவனா? இவன் பூனையையே வெளிய போன்னு சொல்ல மாட்டான், ஜட்ஜம்மா."

இருவரும் சத்தியம் செய்தார்கள். ஹெரிங் முனையில் போதகரிடம் பொய் சொல்லலாம், அவருக்குப் பழக்கம். ஆனால் கையைத் தூக்கிச் சத்தியம் செய்துவிட்டால் சாகும் வரை அதை மீற முடியாது. போனில் கை தெரியாது என்று தெரிந்தும் இருவரும் கையைத் தூக்கியிருந்தார்கள்.

"ஏன் நின்னீங்க, திருமதி கிவெலா?"

"ஏரி நின்னுடுச்சு."

"ஏரியா?"

"ஏரி நின்னா படகு நிக்கும், படகு நின்னா மீன் நிக்கும். அப்புறம் நான் எதை அறுக்கறது, இவன் கையையா?"

நிற்கப் போவதாக முன்கூட்டியே முதலாளியிடம் சொன்னீர்களா என்று கேட்டாள் விட்கம். எதற்குச் சொல்ல வேண்டும், சுவரில் கடிகாரம் இருக்கிறதே, நாலு மணிக்குத் தினமும் நிற்கிறவள்தானே என்றாள் மார்லிஸ். தினமுமா என்றது போன். இருபத்திரண்டு வருஷமாக என்றாள் மார்லிஸ், கொஞ்சம் கர்வத்தோடு. அந்தப் பக்கம் பேனா கீழே வைக்கப்படும் சத்தம் கேட்டது. விட்கம் ரோலியிடம் திரும்பி, இவர் நின்றதை நீங்கள் ஏற்றுக்கொண்டீர்களா என்றாள்.

"நானும்தான் நின்னேன்."

"நீங்க முதலாளி. நீங்க எதிலேர்ந்து நின்னீங்க?"

"மீன்லேர்ந்து," என்றான் ரோலி.

விட்கம் முட்டாள் இல்லை. ஒரு நீண்ட மூச்சுக்குப் பிறகு, பெரிய படிப்புப் படித்தவர்கள் கடைசியில் வந்து சேரும் எளிய கேள்விக்கு வந்து சேர்ந்தாள். மறுநாள், பத்தாம் தேதி, இவர் வேலைக்கு வந்திருந்தால் கொடுக்க வேலை இருந்திருக்குமா?

இல்லை என்று ஒரு சொல் போதும். ஆனால் ரோலி சத்தியம் செய்திருந்தான். யோசித்தான். அவன் யோசிப்பதைப் பார்த்து மார்லிஸ் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"வலை இருந்துச்சு," என்றான்.

என்ன வலை என்றாள் விட்கம். கிழிந்த வலை, குளிர்காலத்தில் உட்கார்ந்து பின்னுவது என்றான். போனில் தட்டெழுதும் சத்தம் கேட்டது. அப்படியென்றால் வேலை இருந்திருக்கிறது என்றாள். எனக்கு இருந்தது என்றான். அதைத் திருமதி கிவெலாவுக்கு ஏன் தரவில்லை?

ரோலி கூரையைப் பார்த்தான், போனைப் பார்த்தான், மார்லிஸை மட்டும் பார்க்கவில்லை.

"ஜட்ஜம்மா, இவ பின்னின வலைக்குள்ள மீன் வரும். வந்து, சுத்திப் பார்த்துட்டு, வந்த வழியே போயிடும்."

"அது கட்டைடா," என்றாள் மார்லிஸ்.

அந்தக் கட்டை விவகாரம் ஊருக்கே தெரியும். பதினாலு வருஷத்துக்கு முன்னால் ரோலிக்கு முதுகு பிடித்துக்கொண்டபோது, மார்லிஸ் ஒரு குளிர்காலம் முழுக்க ஒரு வலையைப் பின்னினாள். வசந்தத்தில் அதை ஏரியில் போட்டு இழுத்தபோது, ஒரு கன்றுக்குட்டி நடந்து போகிற அளவு ஓட்டையோடு மேலே வந்தது, ஒரு மீன் இல்லை. ஏரியடியில் கிடந்த கட்டை கிழித்துவிட்டது என்றாள் மார்லிஸ். முடிச்சு அவிழ்ந்துவிட்டது என்றான் ரோலி. அன்றிலிருந்து அவள் கடையில், சர்ச்சில், சவுனா பெஞ்சில், எங்கே யார் கிளப்பினாலும் கட்டை என்றே சொல்லி வந்தாள். கட்டையின் நீளம் வருஷா வருஷம் கூடியது. கடைசியாகக் கேட்டபோது அது முழு மரம்.

விட்கம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு மெதுவாக, சின்னக் குழந்தையைச் சாலை கடக்க வைக்கிற குரலில் பேசினாள்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, திருமதி கிவெலா. உங்களுக்கு வலை பின்னத் தெரியும்னா, உங்களுக்கு அங்க வேலை இருந்திருக்கு, நீங்க விட்டுட்டுப் போயிருக்கீங்க. தெரியாதுன்னா, வேலை இல்லாம நிறுத்தப்பட்டிருக்கீங்க. தெரியுமா, தெரியாதா?"

மார்லிஸ் ஜன்னலைப் பார்த்தாள். எதிரே அவள் வீட்டுக் கூரை, புகை வராத புகைபோக்கி, முற்றத்தில் செத்த பாம்பாய் டெலிபோன் கம்பி. பதினாலு வருஷத்து மானம் ஒரு பக்கம், சங்கும் சிப்பியும் போட்ட விரிப்பு ஒரு பக்கம். தள்ளுவண்டியில் அந்த நாய் தொப்பி வேறு போட்டுக்கொண்டு போகுமாம். ரோலி ரொட்டித் தட்டை அவள் பக்கம் நகர்த்தினான். சாப்பிடு என்கிறானா, சொல்லித் தொலை என்கிறானா என்று தெரியவில்லை.

"தெரியாது," என்றாள்.

"சரியா கேக்கலை."

"எனக்கு வலை பின்னத் தெரியாது. அது கட்டையில்லை. முடிச்சுதான்."

ரோலி போனுக்குப் பக்கத்தில் குனிந்தான்.

"ஜட்ஜம்மா, இதெல்லாம் பதிவாகுதா?"

"ஆகுது, திரு ஹவுட்டலா."

"அதுல ஒரு நகல் கிடைக்குமா?"

போனை வைத்த பிறகு மார்லிஸ் அவனைச் சும்மா விடவில்லை. நான் நின்னுட்டேன்னு எதுக்கு எழுதினே என்று கேட்டாள். நின்னே, நான் பார்த்தேன், கத்தியைக் கழுவினே என்றான் அவன். நீயும் அதைத்தானே போட்டே என்றான். அவள் ரொட்டியை எடுத்துக்கொண்டாள். டார்லீன் இருந்திருந்தால் ஒரு நிமிஷ வேலை என்று இருவரும் நினைத்தார்கள்.

"எனக்குக் காப்பீட்டுப் பணம் கொடுத்தா, முதலாளின்னு உன் வரியை ஏத்துவாங்களே," என்றாள் கொஞ்சம் கழித்து.

"ஏத்தட்டும். பதினாலு வருஷமா கட்டை கட்டைன்னு உயிரை வாங்கினே. இதுக்கு நான் இன்னும்கூடக் குடுப்பேன்."

தீர்ப்பு பிப்ரவரி தொடக்கத்தில் வந்தது, விறகு தீருவதற்கு முன்பே. வேலை இல்லாத காரணத்தால் நிறுத்தப்பட்டார் என்று விட்கம் எழுதியிருந்தாள். காரணங்கள் பகுதியில், 'விண்ணப்பதாரருக்கு வலை பின்னத் தெரியாது என்பதை அவரே ஒப்புக்கொண்டுள்ளார்' என்று தனி வரியாகப் போட்டிருந்தாள். மார்லிஸ் அக்காவுக்குப் போன் செய்து, விரிப்பை நாய்க்குப் போடு என்றாள்.

ஏப்ரலில் ஏரியில் பனிக்கட்டி உடைந்தது. சாலையில் எதிரே வந்த ரோலி ஒரு விரலைத் தூக்கினான், அவளும் தூக்கினாள். மறுநாள் காலை கொட்டகைக்குள் நுழைந்தபோது சுவரில், கடிகாரத்துக்குக் கீழே, கண்ணாடி போட்ட சட்டத்துக்குள் தீர்ப்பின் அந்தத் தாள் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த ஒரு வரிக்கு அடியில் சிவப்புக் கோடு போட்டிருந்தான். அவளுடைய ஏப்ரனை மாட்டும் ஆணிக்கு நேர் கீழே.

ஏப்ரனை எடுத்துக் கட்டிக்கொண்டு கத்தியைத் தீட்டினாள். நாளெல்லாம் அது சுவரில் பளபளத்தது. மீன் வாங்க வந்தவர்கள் மீனைப் பார்ப்பதற்கு முன் அதைப் படித்தார்கள். நாலு மணி அடித்ததும் கத்தியைக் கழுவி வைத்து, ஏப்ரனைக் கழற்றி, அந்த வரி முழுதாக மறைகிற மாதிரி ஆணியில் மாட்டினாள்.

"என்ன, நின்னாச்சா?" என்றான் ரோலி.

"நீ நிறுத்தினே," என்றாள் மார்லிஸ். "எழுதி வச்சுக்கோ."