ரமாபாய் காலியாக விட்ட கட்டம்

எர்ணாவூர் பக்கம் இருந்த எங்கள் பியர் ஃபேக்டரியில் ரமாபாய்க்கு வேலை, மோந்து பார்ப்பது. சிரிக்க வேண்டாம். காயலான் கடைகளிலிருந்து லாரி லாரியாகப் பழைய பாட்டில்கள் வரும். நம் ஜனங்கள் காலி பாட்டிலைச் சும்மா வைத்திருப்பார்களா? ஒன்றில் மண்ணெண்ணெய் இருந்திருக்கும், இன்னொன்றில் பினாயில், மற்றொன்றில் பெயின்டுக்குக் கலக்கும் தின்னர். அந்த வாடை எந்த மெஷினில் கழுவினாலும் முழுசாகப் போகாது. அதனால் கழுவப் போகும் முன்பே மூக்கால் கண்டுபிடித்துச் சிவப்புக் கூடையில் ஒதுக்க வேண்டும். வியாசர்பாடி ஹவுசிங் போர்டிலிருந்து தினமும் வந்து பதினொரு வருஷமாக அவள் செய்தது இதைத்தான். கான்ட்ராக்ட் ஆள்தான். ஆனாலும் ஒரு சந்தேகம் என்றால் மேனேஜரே "மூக்கு ரமாபாயைக் கூப்பிடு" என்பார்.

நான் ராசையா, அங்கே லேப் உதவியாளன்.

2004 தை மாதம் அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது அது மூக்கின் சக்தியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. கொஞ்ச நாள் கழித்து ஷெட்டில் ஒரு மோட்டார் கருகியது. நாற்றம் தாங்காமல் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினோம். இவள் மட்டும் ஒரு பாட்டிலை மூக்கில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். நான் திரும்பிப் போய் கையைப் பிடித்து இழுத்தேன். "இன்னாத்துக்கு எல்லாரும் ஓட்றீங்க?" என்றாள். கேட்ட பிறகுதான் மாட்டிக்கொண்டோம் என்று அவளுக்கே தெரிந்தது.

"யாராண்டயும் சொல்லாதண்ணே. தீபாவளிக்குள்ள பர்மனென்ட் லிஸ்ட் வருது, எம் பேரும் அதுல கீது. மூக்கு இல்லன்னு தெரிஞ்சா வூட்டுக்கு அனுப்சிடுவாங்க. எழிலு பிளஸ் டூ படிச்சிகினு கீது." எழில்மொழி அவளுடைய ஒரே மகள்.

எனக்குக் கோபம்தான் வந்தது. மண்ணெண்ணெய் பாட்டில் ஒன்று தப்பிப் போனால் யார் வயிற்றுக்குள் போகும் என்று கேட்டேன். அவள் காலடியில் ஒரு கேன் வைத்திருந்தாள், தொண்டைக்கு வெந்நீர் என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தாள். அதிலிருந்து கொஞ்சம் பாட்டிலில் ஊற்றிக் குலுக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினாள். தண்ணீர் மேல் எண்ணெய் கலர் கலராக வளையம் போட்டது. பினாயில் என்றால் தண்ணீர் பாலாகிவிடுமாம், தின்னர் தனியாக மிதக்குமாம். மூக்கில் வைப்பது சூப்பர்வைசர் பார்ப்பதற்காக. அதற்கப்புறம் நான் வாயைத் திறக்கவில்லை. ஒன்பது மாதத்தில் ஒரு பாட்டில்கூடப் புகாராகத் திரும்பவில்லை. வேலை மட்டும் மெதுவாகிவிட்டது, அதற்குத் தினமும் திட்டு வாங்கினாள்.

ஐப்பசியில் வந்தது வினை. பியர் காய்ச்சும் பொறுப்பில் இருந்தவர் லியோனார்ட், ராயபுரத்துக்காரர், ஜெர்மனியில் போய் அந்தத் தொழிலைப் படித்தவர். தங்கமான மனுஷன், பேச ஆரம்பித்தால்தான் நிறுத்தத் தெரியாது. கோதுமையில் கறுப்பாக ஒரு பியர் காய்ச்சினார், ரொம்பக் காட்டம். லவங்க வாசனை வரும், கனிந்த வாழைப்பழ வாசனை வரும் என்று இரண்டு நாளாக ஃபேக்டரி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். பிறகு ஆறு பேரை ருசி பார்க்கக் கூப்பிட்டார். நான் ஒருவன். மூக்கு ரமாபாய் இல்லாமல் எப்படி என்று அவளையும் சேர்த்துவிட்டார்.

காலை பதினொரு மணி. லேப் மேஜையில் ஆறு கிளாஸ், ஆறு காகிதம். காகிதத்தில் நான்கு கட்டம்: நிறம், மணம், ருசி, பத்துக்கு எத்தனை. யாரும் பேசக் கூடாது. பதினொரு வருஷம் பியர் பாட்டிலோடு வாழ்ந்தவள் அன்றுதான் முதல் முறையாக ஒரு வாய் குடித்தாள். முகம் கோணியது. மறுபடி ஒரு வாய் எடுத்து நாக்கிலேயே வைத்திருந்தாள். என்னதான் எழுதினாளோ, ரொம்ப நேரம் எழுதினாள்.

காகிதங்களை வாங்கி லியோனார்டிடம் கொடுப்பது என் வேலை. அவளுடையதைப் பார்த்தேன். நிறம்: கடுங்காப்பி, கலங்கல். ருசி: முதலில் இனிப்பு, பிறகு கசப்பு, தொண்டையில் சூடு, நாக்கு ஓரத்தில் முந்தாநாள் மாவுப் புளிப்பு. பத்துக்கு ஐந்து. மணம் என்ற கட்டம் காலி.

என்ன எழுத வேண்டும் என்று அவளுக்கும் தெரியும், அவர் சொன்னதை அவளும் கேட்டவள்தானே. பயத்தில் மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். முதுகைத் திருப்பிக்கொண்டு, லவங்கம், வாழைப்பழம் என்று நானே எழுதிக் கொடுத்துவிட்டேன்.

லியோனார்ட் ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படித்தார். அவளுடையதையும் படித்தார். ரமாபாய் எழுந்து நின்றாள்.

"மணம்னு போட்டுக்கிறது நான் எழுதுனது இல்ல சார். அத்த காலியாத்தான் உட்டேன்." என் பக்கம் அவள் திரும்பவே இல்லை. "எனக்கு வாசன தெரியாது சார். மூக்கு போயிடுச்சு."

லியோனார்ட் கண்ணாடியைக் கழற்றினார். "எத்தினி மாசமா?"

"ஒம்போது மாசம்."

ருசி பார்க்க வந்திருந்த சூப்பர்வைசர் எகிறினார். "ஒம்போது மாசமா எங்கள ஏமாத்திகினு இருந்தியா?"

"பாட்டில்ல ஏமாத்தல சார். மூக்கால பாக்கல, கண்ணால பாத்துதான் அனுப்சேன். ஒண்ணாவது திரும்பி வந்துச்சான்னு பாருங்க. இதுல வாசனய பாக்கறதுக்கு எனக்கு வேற வழி இல்ல. பாக்காதத பாத்தேன்னு எழுத மாட்டேன்."

பதினொரு வருஷ வேலையைத் தன் வாயாலேயே தொலைத்துக்கொண்டு நிற்கிறாளே என்று இருந்தது எனக்கு. பேனா என் சட்டைப் பையில் இருந்தது. இருந்தும், எழுதியது நான்தான் என்று சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை.

லியோனார்ட் தன் கிளாஸை எடுத்து ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார். "புளிப்பு கீது, கெட்டுப்போச்சு. நான் வாழப்பழத்தையே தேடிகினு இருந்துட்டேன்" என்றார். பிறகு அவளோடு ஷெட்டுக்கு நடந்து, வெந்நீர் கேனை வாங்கிப் பத்துப் பாட்டிலைத் தானே சாய்த்துப் பார்த்தார். அங்கிருந்து நேராக மேனேஜர் அறைக்குப் போனார். கதவைச் சாத்திக்கொண்டு என்ன பேசினார் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. அந்தக் கறுப்பு பியர் முழுவதும் சாக்கடைக்குப் போனது. அவள் ஸ்டூலுக்குப் பின்னால் ஒரு டியூப் லைட் வந்தது, பக்கத்தில் வெந்நீர்க் குழாய் வந்தது.

தீபாவளிக்கு முந்தின வாரம் லிஸ்ட் ஒட்டினார்கள். அவள் பெயர் இருந்தது. கேட்டுக்கு வெளியே எனக்கு டீ வாங்கிக் கொடுத்தாள். கொடுத்த கையோடு பிடித்துக்கொண்டாள்.

"எம் பேருல நீ இன்னாத்துக்குண்ணே எழுதுன?"

"ஒன்ன காப்பாத்தத்தான்."

"ஒங் காயிதத்துலயும் லவங்கம், வாழப்பழம்னுதான எழுதிகீற? நெஜமாலுமே வந்துச்சா?"

இவளிடம் இனி என்ன மறைப்பது? "பியர் வாடதான் வந்துச்சு. அவரு சொன்னத எழுதிட்டேன்" என்றேன்.

அவள் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு என் மூக்கைக் கவலையோடு பார்த்தாள்.

"அப்ப ஒனக்கு எத்தினி மாசமாண்ணே?"