ஆரஞ்சு மரத்தை மிரட்டிய கதை

விழுப்புரத்து நர்சரிக்காரர் அந்த ஆரஞ்சு ஒட்டுக்கன்றை என் கையில் கொடுத்தபோது, "பனியே கொட்டினாலும் தாங்கும் சார்" என்றார். திண்டிவனத்தில் பனி என்பது மார்கழியில் பால் வாங்கப் போகிறவர்கள் மப்ளர் சுற்றிக்கொள்ள ஒரு சாக்கு, அவ்வளவுதான். மே மாத வெயிலைத் தாங்குமா என்று நான் கேட்கவில்லை. குளிர் தாங்கும் பழமரங்களைப் பற்றி இரண்டு புத்தகம் படித்திருந்தேன். படித்தவன் கேள்வி கேட்பதில்லை, தலையாட்டுவான்.

வீட்டுக்குப் பின்னால் ஏற்கெனவே என் மனைவியின் எலுமிச்சை நின்றது. நாங்கள் குடிவந்த வருஷம் அவள் வைத்தது. யாரும் எதையும் படிக்காமலே, அரிசி கழுவின தண்ணீரில் வளர்ந்து காய்த்துத் தள்ளியது. தெருவில் யார் புது வண்டி வாங்கினாலும் சக்கரத்தின் அடியில் நசுங்குவது எங்கள் வீட்டுப் பழம்தான். அதற்குப் பக்கத்திலேயே என் ஆரஞ்சை நட்டேன்.

மூன்று வருஷத்தில் அது தோள் உயரம் வந்தது. இலைக்குள்ளே புழு கோலம் போட்டது. வேப்பெண்ணெய் அடித்தேன். கோடையில் நிழல்வலை கட்டினேன். கைக்குழந்தையை இளவெயிலில் காட்டுகிற மாதிரி, மார்கழியில் வலையை அவிழ்த்து இருக்கிற குளிரைக் காட்டினேன். பூ மட்டும் வரவில்லை. பதிலாக ஒரு மழைக்காலத்தில் இலைகளில் மஞ்சள் வளையம் கட்டிய பழுப்புச் சொறி வந்தது. அடுத்த மழையில் அதே சொறி எலுமிச்சையில். பழத்தோலில்கூட. சொறிப் பழத்தை யாரும் வண்டிக்கு வைப்பதில்லை.

"உங்க மரத்தை வெட்டிடுங்க" என்றாள் மனைவி.

"இந்த நோய் எலுமிச்சைக்குத்தான் சட்டுனு வரும், ஆரஞ்சு ஓரளவு தாங்கும்னு புத்தகத்துலயே போட்டிருக்கு."

"அந்தப் பக்கத்தை மரத்துக்குப் படிச்சுக் காட்டுங்க."

சொறி வந்த கிளைகளைக் கழித்து எரித்தேன். தாமிர மருந்து அடித்தேன். எலுமிச்சை கொஞ்சம் தேறியது. ஆனால் ஒவ்வொரு மழைக்கும் ஆரஞ்சில் சொறி திரும்பி வந்தது, பின்னாலேயே எலுமிச்சையிலும். "காய்க்கிற மரமாவாவது இருந்தா பொறுத்துக்கலாம்" என்றாள். என் ஆரஞ்சின் உயிர் அந்த ஒரு வாக்கியத்தில் தொங்கியது. காய்த்தால் பிழைக்கும்.

இதைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டுக்கொண்டிருந்தார் பக்கத்து வீட்டம்மா. ஊருக்கு வெளியே மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடுகிற குடும்பம்.

"மெரட்டிப் பாத்தீங்களா சார்?"

"எதை?"

"மரத்தத்தான். நீங்க அருவாள ஓங்கிக்கினு வெட்டப் போற மாரி போவணும். யக்கா வந்து, 'வேணாங்க, உட்டுடுங்க, வர்ற வருசம் காய்ச்சுடும்'னு தடுக்கணும். எங்க கொல்லையில மாமரம் பயந்துகினு மறு வருசமே காச்சிது."

விழுப்புரத்தில் என் அலுவலகத்தில் எனக்குப் பகுத்தறிவாளன் என்று ஒரு பெயர் உண்டு. தினமும் ரயிலில் போய்வருகிறவன் எல்லாவற்றையும் வீட்டுக்குச் சுமந்துவர முடியாது. ஞாயிற்றுக்கிழமை காலை, பக்கத்து வீட்டம்மா சுவருக்கு மேலே எட்டிப் பார்க்க, அரிவாளை எடுத்தேன்.

"காய்க்காத மரம் எனக்கு எதுக்கு?" என்றேன்.

"சத்தமா சார். மரத்துக்குக் கேக்க வேணாமா?"

"இன்னியோட உன் கதை முடிஞ்சுது!" என்று கத்தி அரிவாளை ஓங்கினேன். குரல் ஊர்த் திருவிழா நாடகத்திலிருந்து வந்தது. இனி மனைவியின் முறை.

அவள் எலுமிச்சைப் பக்கம் நின்று ஓர் இளங்கிளையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யக்கா, இப்ப நீங்க சொல்லணும்."

அவள் கிளையை விடவில்லை. என் கை வலிக்க ஆரம்பித்தது.

"ஜல்தி சொல்லுங்கக்கா. சார் எவ்ளோ நேரம் தூக்கிக்கினு நிப்பாரு?"

"எனக்குப் பொய் சொல்ல வராது" என்றாள்.

"ஒரே ஒரு வாக்கியம்தானே" என்றேன்.

"அப்ப நீங்களே சொல்லிக்குங்க."

"அது ஆவாது" என்றார் பக்கத்து வீட்டம்மா. "வெட்டுறவரே தடுத்தா மரம் மதிக்காது."

அரிவாளை இறக்கிவிட்டு எலுமிச்சையிடம் போனேன். அவள் கிளையை என் பக்கம் திருப்பினாள். போன மழைக்குப் பிறகு விட்ட தளிர். அதில் மூன்று இலைகளில் மஞ்சள் வளையம்.

திரும்பி வந்து ஆரஞ்சை வெட்ட ஆரம்பித்தேன். அரிவாள் மொட்டை. மிரட்டுவதற்கு இது போதும் என்று நான் சாணை பிடிக்கவில்லை. அதனால் பாதிக்கே ரொம்ப நேரம் ஆனது.

"அய்யய்யோ! நெசமாவே வெட்டுறாரே! சும்மா மெரட்டத்தானே சொன்னேன்?"

"இருங்க" என்றாள் மனைவி.

கை நின்றது. தண்டு முக்கால்வாசி போயிருந்தது. ஆனாலும் ஒரு நொடி எனக்கு நம்பிக்கை வந்தது.

"அப்படியே விட்டா அடியில துளிர்க்கும். வேரோட எடுத்துடுங்க."

எங்கள் வீட்டில் கடப்பாரை கிடையாது. பக்கத்து வீட்டம்மாதான் புலம்பிக்கொண்டே உள்ளே போய் எடுத்து வந்து சுவர்மேல் வைத்தார்.