ரிக்காரன் கடைந்த தீ

இன்று மோகனூர்ப் பக்கம், காவிரிக் கரையில் கோழி சமைத்துச் சாப்பிடக் குடும்பத்தோடு வந்திருக்கிறோம்.

தீப்பெட்டியை வேண்டுமென்றே வீட்டில் வைத்துவிட்டு வந்தேன். கட்டையில் குச்சியைக் கடைந்து தீ மூட்டும் வீடியோக்களை ஒரு வாரமாகப் பார்த்த திமிர்.

"ஏனுங்க, இதெல்லாம் உங்களுக்கு ஆகுமாங்க?" என்றாள் மனைவி.

"இருவது வருசமா ரிக் வண்டில போர்வெல் போடறேன். பாறையவே ஓட்டை போட்டவனுக்கு இந்தக் குச்சி எம்மாத்தரம்?"

ஒரு மணி நேரம் கடைந்தேன். உள்ளங்கை கொப்புளித்தது. பசி தாங்காமல் மகள் பச்சை வெங்காயத்தைக் கடித்தாள்.

கடைசியில் கட்டையின் குழியிலிருந்து நிஜமாகவே புகை வந்தது. மகள் கைதட்டினாள்.

போர் போடும்போது புழுதி கிளம்பினால் உடனே தண்ணீர் விடுவோம். அந்தப் பழக்கத்தில் என் கை தானாகப் பாட்டிலை எடுத்துக் குழியில் ஊற்றிவிட்டது.

புகை அடங்கிக் குழியில் தண்ணீர் நின்றது.

"நீங்க போட்ட போர்ல தண்ணி வர்லீன்னு எத்தன பேரு அழுதாங்க! இங்க மட்டும் எப்புடீங்க வந்துச்சு?" என்றாள் மனைவி.

மசாலா தடவிய கோழி இன்னும் பச்சையாகத்தான் இருக்கிறது. பக்கத்தில் யாராவது தீப்பெட்டியோடு இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள். கோழிக்கால் உங்களுக்குத்தான். பற்ற வைக்கும்போது மட்டும் என் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.