ஐஸ்பெட்டிக்கு விட்ட இடம்

சோராய்தா முரயாரி மண்ணைப் படிக்கப் போனதற்கு மண் மேல் இருந்த ஆசை காரணமல்ல. ஒரு மனிதனைக் கண்பார்வையிலேயே வைத்திருக்க வேண்டியிருந்தது. அவர் டாக்டர் ஒக்தாவியோ ரெங்கிஃபோ, இகித்தோஸ் நகரத்துப் பேராசிரியர், சதுப்பு நிலங்களை ஆராய்பவர்.

மரானியோன் ஆற்றிலிருந்து பிரியும் ஓடைக்கரையில் அவள் ஊர். ஊருக்குப் பின்னால் அகுவாஹே பனைகள் நிற்கும் சதுப்பு. காலங்காலமாக விழுந்த மட்டையும் பழமும் தண்ணீருக்கடியில் பாதி மக்கி, மீதி மக்காமல், கறுத்த மெத்தையாகக் கிடந்தன. ஊர்க்காரர்களுக்கு அது பழம் வெட்டுகிற இடம், விழுந்த மரத்தில் கொழுத்த புழு எடுத்து வறுக்கிற இடம். ரெங்கிஃபோவுக்கு அது கார்பன். அந்த மெத்தை எவ்வளவு ஆழமோ அவ்வளவு கார்பன், அவ்வளவு பெயர்.

ஆழம் பார்க்க இரும்புக் கோல் இறக்குவார்கள். ஒன்றோடொன்று திருகித் திருகி நீட்டிக்கொண்டே போகலாம். நுனியில் நீலக் களிமண் ஒட்டி வந்தால் அடி வந்துவிட்டது என்று அர்த்தம். அதை முதலில் பார்த்தவன் “நீலம்!” என்று கத்துவான். அந்தக் களிமண்ணை விரலால் வழித்து எல்லோர் கன்னத்திலும் இழுத்துவிடுவான். அவளுடைய அண்ணன் ஹில்தெர் கோல் இறக்கும் வேலைக்குப் போன நாட்களில் கன்னத்தில் நீலக் கோட்டோடுதான் வீடு திரும்புவான். கழுவவும் மாட்டான். அந்தக் கோட்டோடு மரவள்ளிக் கள்ளான மசாத்தோ குடித்து, அந்தக் கோட்டோடு தூங்கி, தலையணையெல்லாம் சேறாக்கி அம்மாவிடம் திட்டு வாங்குவான்.

ஒரு நாள் சதுப்பில் ஹெர்கோன் பாம்பு அவன் கெண்டைக்காலைக் கடித்தது. இருந்தது ஒரே படகு. கோடைத் தண்ணீர், அதிகம் ஏற்ற முடியாது. படகோட்டி செகுந்தோ, ரெங்கிஃபோ, மண் மாதிரிகள் வைத்த ஐஸ்பெட்டி, ஹில்தெர். இதில் ஒன்றை விட்டாக வேண்டும்.

“மாதிரி கெட்டுப்போயிரும். படகு உடனே திரும்பி வரும்” என்றார் ரெங்கிஃபோ.

படகு மறுநாள்தான் திரும்பியது. உடலைக் கொண்டுவந்து கிடத்தியபோது அம்மா காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சோராய்தா கன்னத்தைப் பார்த்தாள். சுத்தமாக இருந்தது.

அடுத்த வருடம் ரெங்கிஃபோவின் கட்டுரை வந்தது. அந்த நாள், ஹில்தெர் கோல் இறக்கிய அந்தக் குழி, அடி வரை தொட்ட ஆழம். நன்றி சொன்ன இடத்தில், “ஒரு களப்பணியாளருக்கும்.”

நீலம் தொடாத குழி அது. அண்ணனின் கன்னம் அவளிடம் சொல்லியிருந்தது. அதை யாரிடமும் சொல்லாமல் அவள் படித்தாள். ரெங்கிஃபோவின் வகுப்பிலேயே உட்கார்ந்தாள், அவரிடமே ஆராய்ச்சி செய்தாள், அவருக்குக் காப்பி கொண்டுபோய்க் கொடுத்தாள். அவள் எந்த ஊர் என்று அவர் கேட்கவேயில்லை. ‘சதுப்பின் தந்தை’ என்று செய்தித்தாளில் அவர் படம் வந்தபோது கைதட்டியவர்களில் அவளும் ஒருத்தி. டாக்டர் பட்டம் வாங்கியது, தனக்கென்று ஆய்வகம் கிடைத்தது, கல்யாணத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போய்க் கடைசியில் மறந்தது எல்லாம் அந்த ஒரு குழியைச் சுற்றித்தான் நடந்தன.

நரை விழத் தொடங்கிய பிறகு ஒரு நாள் அவருக்குப் போன் செய்தாள்.

“உங்க பழைய குழியில ஆழம் தப்பா இருக்கு டாக்டர். நான் எழுதினா ஊர் சிரிக்கும். நீங்களே வந்து திருத்திட்டா உங்க பேர்லயே போட்டுக்கலாம்.”

வந்துவிட்டார். தனியாக வந்தார். சாட்சி வேண்டாம் என்று அவருக்கே தோன்றியிருந்தது. படகு ஓட்டியது அதே செகுந்தோ, அவளுடைய தாய்மாமன்.

“அந்த மீசைக்காரனா நீ? இன்னும் உயிரோட இருக்கியா!” என்று ரெங்கிஃபோ அவர் முதுகில் தட்டினார்.

“இருக்கேன், டாக்டர். எப்படியோ இருக்கேன்.”

இதுவும் கோடைத் தண்ணீர்தான். குழி இருந்த இடத்தில் ரெங்கிஃபோவே கோலை இறக்கினார். கட்டுரையில் எழுதிய அதே ஆழத்தில் அது முட்டி நின்றது.

“பாத்தியா? அடி!”

“மேல இழுங்க, டாக்டர். நீலம் இருக்கான்னு பாப்போம்.”

நுனியில் சிவப்பு நாரும் மரச்சிராயும் ஒட்டியிருந்தன. புதைந்து கிடந்த பனைமரம். சோராய்தா ஒரு எட்டு தள்ளி நின்று கோலை மறுபடி இறக்கினாள். இறங்கியது. செகுந்தோ அடுத்த கோலைத் திருகிக் கொடுத்தார். இறங்கியது. அடுத்தது. ரெங்கிஃபோ வியர்வையைத் துடைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எழுதிய ஆழத்தைத் தாண்டி, அதில் பாதிக்கு மேல் இன்னும் போன பிறகு கோல் மெத்தென்று ஒட்டிக்கொண்டது. மேலே எடுத்தார்கள்.

“நீலம்!” என்று கத்தினாள் சோராய்தா.

செகுந்தோவின் கன்னத்தில் ஒரு கோடு. தன் கன்னத்தில் ஒரு கோடு. ரெங்கிஃபோ பழைய பழக்கத்தில் சிரித்துக்கொண்டே கன்னத்தை நீட்டினார். அவள் விரலைத் தன் கால்சட்டையில் துடைத்துக்கொண்டாள்.

ரெங்கிஃபோ தொண்டையைச் செருமினார். “சரி, எழுதிரலாம். ஆனா தப்பு என்னோடதுன்னு போட வேணாம், புரியுதா? அன்னைக்குக் கோல் இறக்கினவன் மரத்தை அடின்னு நெனச்சுட்டான். உதவியாளர் தவறுன்னு ஒரு வரி போட்டா முடிஞ்சது.”

“போதும், கெளம்புன்னு சொன்னது நீங்க” என்றார் செகுந்தோ.

“நீ சும்மா இரு, பெரியவரே. உனக்கு என்ன ஞாபகம் இருக்கப்போகுது!”

சோராய்தா மண் மாதிரிகளை ஒவ்வொன்றாகச் சுற்றி ஐஸ்பெட்டியில் அடுக்கினாள். மூடியை அழுத்தினாள்.

“யாரு கோல் இறக்கினது, டாக்டர்?”

“அதான், அந்த ஆளு. பாம்பு கடிச்சவன்.”

“அவர் பேரு என்ன?”

ரெங்கிஃபோ பனைகளைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார். “வில்சன்னு நெனைக்கிறேன். எத்தனை பேர் வந்து போயிருக்காங்க, புள்ள! எல்லாப் பேரும் எவன் வெச்சுக்க முடியும்?”

செகுந்தோ தலையைத் திருப்பிக்கொண்டார். சோராய்தா பெட்டியைத் தூக்கிப் படகின் நடுவில் வைத்தாள். ஏறி உட்கார்ந்தாள். செகுந்தோவும் ஏறினார். ஒரு காலைத் தூக்கிப் படகில் வைக்கப் போன ரெங்கிஃபோவின் நெஞ்சில் அவள் துடுப்பின் முனையை வைத்தாள். தள்ளவில்லை. வைத்தாள், அவ்வளவுதான்.

“மூணு பேரும் பெட்டியும் தாங்காது, டாக்டர். தண்ணி கம்மி.”

“வரும்போது வந்தோமே!”

“வரும்போது பெட்டி காலியா இருந்துச்சு. மாதிரி கெட்டுப்போயிரும். படகு உடனே திரும்பி வரும்.”

அந்த வார்த்தைகளை அவருக்கு அடையாளம் தெரிந்தது. முகத்தில் முதலில் ஏளனம் வந்தது. பிறகு அவர் அவளையே பார்த்தார், எத்தனையோ வருடங்களில் முதல் தடவையாக. கண், மூக்கு, தாடை, கன்னத்துக் கோடு.

“நீ யாரு?”

“அந்த ஆளோட தங்கச்சி.”

பெக்கெ-பெக்கெ மோட்டார் இருமிக்கொண்டு கிளம்பியது. அவர் முழங்கால் அளவு சேற்றில் இரண்டடி ஓடிவந்து, காலடியில் ஏதோ அசைந்தது போலத் துள்ளிப் பின்வாங்கினார். ஓடையின் முதல் வளைவு தாண்டியதும் சோராய்தா கையைக் காட்டினாள். செகுந்தோ மோட்டாரை அணைத்தார்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. தவளைகள் தொடங்கியிருந்தன. அதற்கு மேல் ரெங்கிஃபோவின் குரல் கேட்டது. முதலில் “டாக்டர் முரயாரி!” பிறகு “சோராய்தா!” பிறகு “அம்மாடி, பாம்பு இருக்கும்மா இங்க!” பிறகு எது அவளைத் திரும்ப வரவைக்கும் என்று அவருக்குப் பிடிபட்டிருக்க வேண்டும்.

“வில்சன்! அவன் பேரு வில்சன்தானே?”

செகுந்தோ துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு குனிந்திருந்தார்.

“எல்மெர்! எல்மெர்தான்! ஞாபகம் வந்துருச்சு!”

“நில்சன்!”

“வில்தெர்! சோராய்தா, வில்தெர்!”

செகுந்தோ நிமிர்ந்தார். “கிட்ட வந்துட்டான், புள்ள. படகைத் திருப்பட்டுமா?”

சோராய்தா ஐஸ்பெட்டியின் மூடிமேல் கையை வைத்திருந்தாள். கன்னத்துக் களிமண் காய்ந்து தோலை இழுத்தது.

“இல்ல, மாமா. இன்னும் பேரு வரல.”