மூன்று டன் இழுக்கும் மாப்பிள்ளை

என் தங்கையின் கணவர் அந்தப் பெரிய எஸ்யூவி காடியை வாங்கிய நாளிலிருந்து யாரிடமும் நேராக நின்று பேசுவதில்லை. கண்ணாடியை இறக்கி, மேலிருந்து கீழே பார்த்துத்தான் பேச்சு. பிரிக்ஃபீல்ட்ஸில் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து காப்புறுதிப் பாலிசி விற்கிறவர் அவர். விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும் என்பார்கள். இவருக்கு விரலே தெரியாத வீக்கம்.

தைப்பூசத்துக்குப் பத்துமலையில் எங்கள் கிள்ளான் கோயில்காரர்கள் தண்ணீர்ப் பந்தல் போடுவது வழக்கம். சாமான்கள் வருஷா வருஷம் லோரியில் போகும். இந்த முறை கூட்டத்தில் மாப்பிள்ளை எழுந்து, "லோரி எதுக்கு? ஒரு டிரெய்லர் மட்டும் கொடுங்க, என் காடியே இழுக்கும்லா," என்று அறிவித்துவிட்டார். கை தட்டினார்கள். தட்டுவதற்குத்தானே கை.

நான் தெலுக் பங்லிமா காராங்கில் டிரெய்லர் செய்யும் பட்டறையில் இருபது வருஷமாக வெல்டிங் வேலை பார்க்கிறேன். ஆகவே மாப்பிள்ளை என்னிடம் வந்தார். யோசனை கேட்க அல்ல, காட்ட.

"மச்சான், இது ஒரிஜினல் ரெண்டு டன்னுதான் இழுக்கும். நான் மூணா ஏத்திட்டேன்."

குனிந்து பார்த்தேன். பின்னால் தடித்த கொக்கி, ஸ்பிரிங்குக்குள் காற்றுப் பை. எஞ்சின் கம்ப்யூட்டரையும் யாரோ திருத்திக் கொடுத்தார்களாம். கொக்கியை மாற்றினால் கொக்கிதான் மாறும். காற்றுப் பை காடியின் பின்பக்கம் தொங்காமல் பார்த்துக்கொள்ளும். பிரேக்கும் அடிச்சட்டமும் பழையவைதான். காடி, கொக்கி, டயர், டிரெய்லர் ஆகிய நாலில் எது குறைவாகத் தாங்குமோ அதுதான் அளவு. பட்டறைக்குப் புதிதாய் வருகிறவனுக்கும் இது ஒரே வாரத்தில் தெரிந்துவிடும்.

"மாப்ள, கம்பெனிக்காரன் போட்ட எடைக்கு மேல இழுத்தா சட்டப்படி தப்பு. ஏதாச்சும் ஆனா காப்புறுதிகூட கிடைக்காது. தண்ணி டிரம்மைக் காலியா கொண்டு போய் அங்க பைப்புல பிடிச்சுக்குங்க, எடை பாதி குறைஞ்சிடும்," என்றேன்.

"பைப் தண்ணியா? நான் குடுக்குறது ஃபில்டர் தண்ணி மச்சான். போலீஸ் என்ன தராசைத் தூக்கிட்டா ரோட்டுல நிக்கிறான்? நீங்க வெல்டிங்கைப் பாருங்க."

காப்புறுதி விற்கிறவர் சொன்ன பதில் இது. எனக்குச் சுருக்கென்றது. அதன்பின் நான் வாயைத் திறக்கவில்லை.

பூசத்துக்கு முதல் நாள் காலை கோயில் வாசலில் சாமான் ஏற்றினார்கள். டிரெய்லரின் முன்பக்கம் முழுவதும் முருகன் படத்துக்கும் வேலுக்கும். "சாமி பக்கத்துல அடுப்பு, கேஸ் எதையும் வைக்காதீங்க. எச்சில் படுற சாமான் எல்லாம் பின்னாடி," என்று மாப்பிள்ளை உத்தரவு போட்டார். ஆக அண்டா, அரிசி மூட்டை, கேஸ் சிலிண்டர், நிறைந்த தண்ணீர் டிரம் எல்லாம் வால்பக்கம். முன்னால் ஒரு படம், ஒரு வேல், நாலு மாலை.

டிரெய்லரின் கனத்தில் பத்தில் ஒரு பங்காவது காடியின் கொக்கியை அழுத்த வேண்டும். பின்பக்கம் கனம் கூடினால் டிரெய்லர் கொக்கியை மேலே தூக்கும். வேகம் எடுத்தால் வாலை ஆட்டும். மாப்பிள்ளை இடுப்பில் கை வைத்து நின்று ரசித்தார்.

"பாத்தீங்களா மச்சான், இவ்வளவு கனத்துக்கும் காடி ஒரு இன்ச் தணியல. ஏர் பேக் பவர்லா!"

அது காற்றுப் பையின் பவர் இல்லை என்று அங்கே எனக்கு மட்டும் தெரியும். சிரித்தேன். ஷா ஆலம் தாண்டுவதற்குள் டிரெய்லர் ஆட, மனிதர் ஓரம் கட்டி நின்று, எல்லார் முன்னாலும் என்னைக் கூப்பிட வேண்டும். அதைப் பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது. மறைப்பதற்கு ஒன்றுமில்லை. நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். என் தங்கை பூத்தட்டை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் ஏறினாள். அதையும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

என் காரில் பின்னாலேயே போனேன். நெடுஞ்சாலை இறக்கத்தில் ஒரு கொள்கலன் லோரி அவர்களை முந்தியது. அந்தக் காற்றில் டிரெய்லர் இடமும் வலமும் ஆட ஆரம்பித்தது. மாப்பிள்ளை பிரேக்கை ஒரே மிதியாக மிதித்திருக்க வேண்டும். டிரெய்லர் குறுக்கே திரும்பிக் காடியையும் இழுத்துக்கொண்டு போய் இரும்புத் தடுப்பில் மோதியது. மூன்று டன் இழுக்கும் காடியை டிரெய்லர் இழுத்தது. அவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. தங்கைக்குத் தோள் எலும்பும் இரண்டு விலா எலும்பும் உடைந்தன.

மறுநாள் ஆஸ்பத்திரியில், அவள் கட்டிலருகே நின்று மாப்பிள்ளையைப் பிடிபிடி என்று பிடித்தேன். கொக்கி, காற்றுப் பை, பத்தில் ஒரு பங்கு, சாமியை முன்னால் வைத்துக் கனத்தைப் பின்னால் ஏற்றிய மடத்தனம், ஒன்றையும் விடவில்லை. அவர் கதவோரம் தலை குனிந்து நின்றார். நான் பார்க்க ஆசைப்பட்ட காட்சிதான்.

தங்கை கண்ணைத் திறந்தாள். மூச்சு விடவே அவளுக்கு வலித்தது.

"இதெல்லாம் ஏத்தும்போதே உனக்குத் தெரியுமா அண்ணே?"

"தெரியும்," என்றேன்.

"நான் உள்ள ஏறுறப்பவும்?"

அவள் என்னையே பார்த்தாள். பிறகு நல்ல கையைத் தூக்கி, கதவோரம் நின்றவரைப் பக்கத்தில் வந்து உட்காரச் சொன்னாள். அங்கே ஒரு நாற்காலிதான் இருந்தது. நான் நகர்ந்து வழிவிட்டேன்.