மூன்றாவது கையெழுத்து

கீழப்பழுவூருக்குப் பக்கத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில், பரிமளா பதினாலு வருஷமாகச் சத்துணவு சமைக்கிறாள். எட்டாம் வகுப்போடு நின்றவள். நின்றாள் என்ன, நிறுத்திவிட்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். கணக்கு வரவில்லையாம். ஏன் வரவில்லை என்று அன்றைக்கு ஒருத்தர் கேட்டிருந்தால் இவள் கரண்டி பிடிக்க வந்திருக்க மாட்டாள். அந்த ஆற்றாமையோ என்னவோ, தட்டுக் கழுவ வரும் பிள்ளைகள் எதைச் சொன்னாலும் காது கொடுத்துக் கேட்பாள்.

அப்படித்தான் தென்றல் அவளிடம் வந்து சேர்ந்தாள். ஒன்பதாம் வகுப்பு. வகுப்பில் வாயே திறக்காது அந்தப் பெண். எல்லாரும் போகட்டும் என்று கழுவின தட்டையே தேய்த்துக்கொண்டு நிற்கும். ஒரு நாள் விடாமல் கேட்டதற்கு, தலையைக் குனிந்துகொண்டு சொல்லிவிட்டது. எழுத்துக் கூட்டிப் படிக்கவே தெரியாதாம். மூணாம் வகுப்பில் இருக்கும்போது கொரோனா வந்து பள்ளிக்கூடத்தைப் பூட்டினார்கள். தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு அம்மாவோடு முந்திரிக்காட்டுக்குப் போனது. அரைகுறையாய்த் தெரிந்ததும் போயிற்று. திறந்தபோது கொண்டுபோய் அஞ்சாம் வகுப்பில் உட்கார வைத்துவிட்டார்கள்.

"ரெண்டாங்கிளாஸ் புக்கு குடுத்தா அதுலேர்ந்து படிச்சு வந்துருவேன் அத்தை. நான் கேட்டா சிரிப்பாங்க. நீங்க சார்கிட்ட கேளுங்களேன்."

வெள்ளிக்கிழமை பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம். மகன் அங்கே படிப்பதால் பரிமளாவும் உறுப்பினர்தான், பேருக்கு. இதுவரை வாய் திறந்ததில்லை. இந்தத் தடவை பேசியே தீருவது என்று தென்றலுக்கு வாக்குக் கொடுத்தாள்.

கூட்டத்தில் சுற்றுச்சுவர், தண்ணீர்த் தொட்டி என்று முக்கால் மணி நேரம் ஓடியது. பிள்ளைகள் படிக்கிறார்களா என்ற பேச்சுக்கு வந்தால்தானே! பரிமளா முந்தானையைச் செருகிக்கொண்டு எழுந்தாள். எழுந்ததைப் பார்த்த ஹெச்.எம்., நல்லதாப் போச்சும்மா, எல்லாருக்கும் ஒரு டீ போட்டுரு என்றார். கொடுமை என்னவென்றால், இவளும் சரிங்க சார் என்று போய்விட்டாள். பதினாலு வருஷப் பழக்கம், வேறென்ன சொல்ல.

டீயோடு வந்தபோது கூட்டம் முடிந்து, தீர்மான நோட்டு சுற்றி வந்துகொண்டிருந்தது. தட்டை ஒரு கையில் ஏந்திக்கொண்டே மூன்றாவது ஆளாகக் கையெழுத்துப் போட்டாள். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவில்லை. தென்றல் விஷயத்தைத் திங்கட்கிழமை தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தாள்.

திங்கட்கிழமை தென்றல் வரவில்லை. செவ்வாயும் இல்லை. பக்கத்துத் தொடக்கப் பள்ளியில் கெஞ்சிக் கூத்தாடி ரெண்டாம் வகுப்புப் புத்தகம் ஒன்று வாங்கிக்கொண்டு, புதன்கிழமை சாயங்காலம் பரிமளா அவள் வீட்டுக்கே போனாள்.

தென்றலின் அம்மா வீரம்மாள் வாசலில் முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். பிள்ளை ஞாயிற்றுக்கிழமையே சித்தியோடு திருப்பூருக்குப் போய்விட்டதாம், பனியன் வேலைக்கு. சனிக்கிழமை ஸ்கூலில் கூப்பிட்டு டீ.சி. கொடுத்துவிட்டார்களாம். அடுத்த வருஷம் பத்தாவது, ரிசல்ட் கெட்டுவிடும் என்றார்களாம். படிப்பில் நாட்டமில்லை, பெற்றோர் விருப்பப்படி பெயர் நீக்கம் என்று கூட்டத்தில் தீர்மானமே போட்டாயிற்றாம். நாட்டமில்லையாம்! பதினைந்து பேர் டீ குடித்தார்களே, அந்தப் பிள்ளைக்கு ஏன் படிப்பு வரவில்லை என்று கேட்க ஒருத்தருக்கும் வாய் வரவில்லை.

வீரம்மாள் கொட்டைகளை ஒதுக்கிவிட்டு நிமிர்ந்தாள்.

"எனக்குக் கையெழுத்துப் போட மனசே வரல அண்ணி. சாரு நோட்டைத் தொறந்து ஒங்க கையெழுத்தைக் காட்டுனாரு. நீங்களே போட்டுருக்கீங்கன்னா புள்ள நல்லதுக்குத்தான் இருக்கும்னு நானும் போட்டுட்டேன்."

அவள் குறையாகச் சொல்லவில்லை. நம்பித்தான் சொன்னாள். எட்டாவது வரை படித்தவள்தானே, ரெண்டு வரியைப் படித்திருக்கக் கூடாதா என்று பரிமளாவுக்குத் தன் தலையிலேயே அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. வீரம்மாள் உட்காரச் சொன்னாள். பரிமளா உட்காரவில்லை. புத்தகத்தைப் பையிலிருந்து வெளியே எடுக்கவும் இல்லை.