பிரிந்துபோனால் இங்கே வந்து நிற்கவும்

2009ஆம் ஆண்டு மே மாதம் நடந்தது இது. அப்போது நாங்கள் ரொறன்ரோவில், டோர்செட் பார்க் பக்கம் ஒரு மாடிக் கட்டடத்தில் வாடகைக்கு இருந்தோம். எனக்கு பேக்கரித் தொழிற்சாலை ஒன்றில் பகல் வேலை. கணவருக்குப் பிறம்ரனில் வெயர்ஹவுஸ் வேலை. மகளுக்குப் பத்து வயது, மகனுக்கு நாலு.

என் அக்காவும் அத்தானும் அவர்களுடைய மகளும் இலங்கையில், வன்னியில் சண்டைக்குள் இருந்தார்கள். அந்த வருடம் தைப்பொங்கல் முடிந்த கையோடு அக்கா கடைசியாகத் தொலைபேசி எடுத்தாள். "நாங்கள் இஞ்சயிருந்து வெளிக்கிடுறம். போய்ச் சேந்திட்டு எடுக்கிறன்" என்றாள். அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. கணவர் வேலை முடிந்து நேரே டவுன்ரவுனுக்குப் போய், சண்டையை நிறுத்தச் சொல்லி எங்கள் சனம் நடத்திய ஊர்வலத்தில் நிற்பார். நான் பாணைப் பொதி செய்துகொண்டே அழுவேன். சாப்பாட்டு அறையில் என்னோடு வேலை செய்கிற ஒருத்தி, உங்கள் ஆட்கள் ரோட்டை மறித்ததால் தன் பிள்ளை பிறந்தநாள் கொண்டாட்டத்துக்குப் பிந்திவிட்டது என்று என்னிடமே முறைப்பாடு வைத்தாள். என் கூடப் பிறந்தவள் உயிரோடு இருக்கிறாளா என்று தெரியாத நேரத்தில் இவளுக்குக் கேக் வெட்டுகிற கவலை. வாயைத் திறந்தால் வேலை போய்விடும் என்று பேசாமல் எழுந்து போனேன்.

அந்த நாட்களில்தான் மகளின் ரீச்சர் வகுப்புக்கு ஒரு வேலை கொடுத்தார். ஒவ்வொரு பிள்ளையும் சீட்டு எடுத்து, வருகிற நகரத்துக்குப் பெரிய மட்டையில் ஒரு போஸ்டர் செய்ய வேண்டும். 'பிள்ளைகளோடு குடும்பமாகப் போய்ப் பார்க்கக்கூடிய இடங்கள்' என்பதுதான் தலைப்பு. மகளுக்குக் கொரியாவில் உள்ள பூசான் நகரம் வந்தது. லண்டன், பாரிஸ் என்று வந்த பிள்ளைகள் துள்ளினார்களாம். இவள் மட்டும் அந்த ஊர் எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் வீட்டுக்கு வந்தாள்.

நூலகத்தில் புத்தகங்கள் எடுத்துக் கொடுத்தேன். இரண்டு வாரம் சமையலறை மேசையில் அவளும் கலர்ப் பென்சிலும்தான். கடற்கரை, குடைகள், சுறாக்கள் நீந்துகிற மீன் காட்சியகம், குன்றின் உச்சியில் ஒரு கோபுரம், மீன் சந்தை எல்லாம் கீறினாள். பக்கத்து அறையில் தொலைக்காட்சியில் எங்கள் ஊர் எரிந்துகொண்டிருக்கும். கதவைச் சாத்திவிட்டு அவளோடு போய் இருப்பேன். எனக்கும் மூச்சுவிட இருந்த இடம் அந்த மேசை ஒன்றுதான்.

ஒருநாள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அம்மா, பெரியம்மா ஆக்களுக்கு ஆரும் இடம் சொன்னவையோ?"

"என்ன இடம்?"

"லொஸ்ற் ஆனா எங்க வந்து நிக்கிறதெண்டு."

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கூட்டம் உள்ள எந்த இடத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போனாலும் நான் முதலில் செய்கிற வேலை ஒன்று உண்டு. மிருகக்காட்சிச்சாலையோ, பெரிய மோலோ, வாசலில் நிறுத்தி ஓர் இடத்தைக் காட்டுவேன். "பிரிஞ்சு போனா இதில வந்து நிண்டுகொள்ளோணும். அம்மா வரும்வரைக்கும் அசையக்கூடாது" என்று இரண்டு பேரையும் திருப்பிச் சொல்லவைத்த பிறகுதான் உள்ளே போவோம். அவளுக்கு அது குடும்பச் சட்டம். அவள் அப்படிக் கேட்டதும், தண்ணீர் குடிக்கப் போவது போல எழுந்துவிட்டேன்.

அடுத்த நாள் போஸ்டரின் நடுவில், எல்லாவற்றையும்விடப் பெரிதாக ஒரு பாலம் வந்திருந்தது. நூலகப் புத்தகத்தின் பின்பக்கம் ஒன்றில் அதை வாசித்திருக்கிறாள். கொரியாவில் சண்டை நடந்தபோது லட்சக்கணக்கான சனம் பூசானுக்கு ஓடி வந்ததாம். வழியில் பிரிந்துபோனால் அந்தப் பாலத்தடியில் வந்து நிற்போம் என்று குடும்பங்கள் தங்களுக்குள் பேசிவைத்திருந்தார்களாம். பெயர்களை எழுதித் தொங்கவிட்டுக்கொண்டு நாட்கணக்காக நின்றார்களாம். மகள் பாலத்தின் மேல் சின்னச் சின்ன மனிதர்களைக் கீறி, கீழே ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள்: 'முதலாவது இடம். குடும்பம் பிரிந்துபோனால் இங்கே வந்து நிற்கவும்.'

அவளுடைய தலையைத் தடவினேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

எங்கள் ஊரில் சண்டை முடிந்துவிட்டது என்று அறிவித்துச் சில நாட்கள்தான் இருக்கும். பள்ளிக்கூடத்தில் பெற்றோருக்கு மாலைக் கண்காட்சி வைத்தார்கள். எனக்குப் போகவே மனமில்லை. ஆனால் அவள் அந்த மேசையில் இருந்த இருப்பு எனக்குத் தெரியும். வேலை உடுப்போடு நேரே போனேன். உள்ளே போனதும் அவள் என் கையை எதிர்ப்பக்கம் இழுத்தாள். "மற்ற ஆக்களின்ரயைப் பாப்பம் அம்மா" என்றாள். எனக்கு அப்போதே ஏதோ சரியில்லை என்று பட்டது.

நடைபாதையின் கடைசியில் தொங்கியது பூசான். கடற்கரை இருந்தது, சுறா இருந்தது. நடுவில் பாலம் இல்லை. அந்த இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி, அதன் மேல் கணினியில் எடுத்த ஒரு டொல்பின் படத்தைப் போட்டிருந்தார்கள். டொல்பின் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தது.

"ஆர் ஒட்டினது?" என்று கேட்டேன்.

"மிஸ்." குனிந்துகொண்டே சொன்னாள். "அந்தப் புத்தகத்தில டொல்பின் இல்லை அம்மா. நான் மிஸ்ஸுக்குச் சொன்னனான்."

எனக்குக் கோபம் உச்சியில் ஏறியது. ரீச்சரைத் தேடிப் போனேன். என்னுடைய ஆங்கிலம் கோபம் வந்தால் உடைந்துவிடும். ஆனால் அன்றைக்கு அது என்னைக் கைவிடவில்லை. ஏன் ஒட்டினீர்கள் என்று கேட்டேன். ரீச்சர் சிரித்த முகத்தோடுதான் பேசினார். குடும்பங்களுக்கு மகிழ்ச்சியான இடங்கள்தான் தலைப்பாம். சின்ன வகுப்புப் பிள்ளைகளும் பார்ப்பார்களாம். பிறகு குரலைத் தாழ்த்தி, உங்கள் சமூகத்தில் இப்போது நடப்பதை எல்லாம் யோசித்தோம், அரசியல் பள்ளிக்குள் வராமல் இருப்பது எல்லோருக்கும் நல்லது என்றார்.

அரசியலாம்! கொரியாவில் எப்போதோ சனம் நின்ற பாலத்தில் என்ன அரசியல்? அந்தப் பாலத்தை என் மகள் கீறியதால்தானே அது அரசியல் ஆனது? வேறொரு பிள்ளை கீறியிருந்தால் சரித்திரம் என்று நட்சத்திரம் ஒட்டியிருப்பார்கள்.

"உங்களுக்குப் பிள்ளைகள் இருக்கிறார்களா?" என்று கேட்டேன். இரண்டு பேர் என்றார். "மிருகக்காட்சிச்சாலைக்குக் கூட்டிப் போகும்போது, தொலைந்துபோனால் எங்கே நிற்கச் சொல்லுவீர்கள்?"

"முன் கேற்றில்" என்றார், யோசிக்காமல்.

"என் மகள் கீறியது அந்தக் கேற்றைத்தான்" என்றேன்.

அவருடைய முகம் ஒருகணம் மாறியது. விளங்கிவிட்டது என்றுதான் நினைத்தேன். ஆனால் அடுத்த நிமிடமே நெஞ்சில் கையை வைத்து, உங்கள் உணர்வு எனக்குப் புரிகிறது என்றார். இந்த நாட்டில் யாராவது அப்படிச் சொன்னால் பேச்சு முடிந்தது, நீ போகலாம் என்று அர்த்தம். இத்தனை வருடத்தில் எனக்கு அது பாடம். மன்னிப்பும் இல்லை, தாளை எடுக்கிறேன் என்ற சொல்லும் இல்லை.

நான் திரும்பி வந்து அந்த டொல்பினை நகத்தால் கிளப்பினேன். சுற்றிலும் பெற்றோர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பார்க்கட்டும் என்று விட்டேன். ஆனால் பசை நன்றாகப் பிடித்திருந்தது. தாளோடு சேர்ந்து பாலமும் உரிந்து வந்தது. சின்ன மனிதர்கள் பாதிப் பாதியாகக் கிழிந்து என் கையில் இருந்தார்கள். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. ஒரு பள்ளிக்கூட நடைபாதையில், இத்தனை மாதமாக அடக்கியது எல்லாம் வந்தது.

"விடுங்கோ அம்மா" என்றாள் மகள். "நான் திருப்பிக் கீறுவன்."

போஸ்டரைச் சுவரிலிருந்து கழற்றி எடுத்துக்கொண்டு வெளியே வந்தோம். பஸ்ஸில் அது மூன்று பேருடைய இடத்தைப் பிடித்தது. ஒருவரிடமும் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அன்றிரவே அவள் புதுத் தாளில் பாலத்தைக் கீறி, வசனத்தையும் எழுதி, கிழிந்த இடத்தின் மேல் ஒட்டினாள். எங்கள் வீட்டு வரவேற்பறையில் அது வருடக்கணக்காகத் தொங்கியது. அன்று கணவர் ஊர்வலத்திலிருந்து வந்து அந்த வசனத்தை வாசித்துவிட்டு, முகம் கழுவப் போனவர் வெளியே வர வெகுநேரம் எடுத்தது.

மாரி தொடங்கும்போது அகதி முகாமிலிருந்து அக்காவின் குரல் வந்தது. அவளும் மகளும் இருந்தார்கள். அத்தான் இல்லை. சண்டையின் கடைசி நாட்களில் சனத்தோடு கடலேரித் தண்ணீரைக் கடந்த நெரிசலில் கை விடுபட்டுப் போயிருக்கிறது. எங்கே சந்திப்பது என்று பேசிவைக்க ஒருவருக்கும் நேரம் இருக்கவில்லை. பிறகு அக்கா கிளிநொச்சியில் தங்கள் பழைய வீட்டு வளவுக்கே திரும்பினாள். மகள் கலியாணம் முடித்து யாழ்ப்பாணம் போன பிறகும் அவள் தனியாக அங்கேதான் இருக்கிறாள். கனடாவுக்குக் கூப்பிட்டுக் களைத்துவிட்டோம். அத்தானுக்குத் தெரிந்த விலாசம் அது ஒன்றுதான் என்பாள்.

பத்து வயதில் சீட்டில் வந்த ஊரை என் மகள் விடவில்லை. படிப்பு முடிந்ததும் ஆங்கிலம் படிப்பிக்கப் பூசானுக்கே போனாள். போன கோடையில் நாங்களும் போனோம். ஹோட்டலில் ஒரு கைநூல் தந்தார்கள். பிள்ளைகளோடு போகக்கூடிய இடங்கள் என்று போட்டிருந்தது. மீன் காட்சியகம், கடற்கரை, அதோடு அந்தப் பாலமும் இருந்தது! வாரத்தில் ஒருநாள் பாலத்தின் ஒரு பக்கத்தைத் தூக்கிக் காட்டுகிறார்கள். நாங்கள் போனபோது நல்ல கூட்டம். பாட்டுப் போட்டார்கள். பாலம் மெல்ல எழும்ப, தகப்பன்மாரின் தோளில் இருந்த பிள்ளைகள் கைதட்டின. ஐஸ்கிரீம் ஒழுகியது. ஒரு பிள்ளையும் பயப்படவில்லை. அந்த ரீச்சரைக் கையைப் பிடித்து இழுத்து வந்து அங்கே நிறுத்த வேண்டும்போல எனக்கு இருந்தது.

மகள் அக்காவுக்கு வீடியோ கோல் எடுத்துப் பாலத்தைக் காட்டினாள். போஸ்டர் கதை அக்காவுக்கு முன்பே தெரியும். அதை உற்றுப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"உதில நிண்ட சனத்துக்கெல்லாம் அவையின்ர ஆக்கள் வந்து சேந்தவையோ, பிள்ளை?"

மகள் என்னைப் பார்த்தாள். பிறகு உண்மையைத்தான் சொன்னாள். "கொஞ்சப் பேருக்குத்தான் பெரியம்மா. எல்லாருக்கும் இல்லை."

"கொஞ்சப் பேருக்கெண்டாலும் வந்ததுதானே" என்றாள் அக்கா. "அப்ப நிண்டதில பிழையில்லை." அவளுக்குப் பின்னால் வளவு வாசல் படலை திறந்தபடி தெரிந்தது.

ஒரு குடும்பத்துக்கு எந்த இடம் முதலாவது என்று என் பத்து வயதுப் பிள்ளைக்குத் தெரிந்திருந்தது. அதன் மேல் சிரிக்கிற டொல்பினை ஒட்டியவர்கள் மீது எனக்கு வந்த கோபம் இன்றுவரை ஆறவில்லை, அக்கா அந்தப் படலையைத் திறந்து வைத்திருக்கும்வரை அது ஆற வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை.